அமேசான்ல மலேரியா திரும்பி வந்த கதையும் நம்ம ஊர் ரத்தத் தடவலும்

பென்னாகரம்_லேப்:
எல்லாருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல 19 வருஷமா லேப் டெக்னீஷியனா இருக்கேன். காய்ச்சல்காரங்க விரல்ல குத்தி, கண்ணாடிச் சில்லுல தேய்ச்சு அனுப்புற ரத்தத் தடவலுக்கு, கிருமி தெரியறதுக்கான ஜே.எஸ்.பி. சாயம் ஏத்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மலேரியாக் கிருமி இருக்கான்னு மைக்ராஸ்கோப்ல ஒவ்வொரு சில்லுலயும் நூறு இடம் பார்க்கிறதுதான் என் வேலை. சேர்ந்த புதுசுல அப்பப்ப பாசிட்டிவ் வரும். இப்ப வருஷம் பூரா கண்ணு வலிக்கப் பார்த்தாலும் ஒண்ணு, ரெண்டு. அதுவும் வெளி மாநிலம் போய் வந்தவங்க.

போன வாரம் ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு: "அதான் மலேரியா போயிடுச்சே, இன்னும் எதுக்கு இத்தனை சில்லு தேய்க்கிறீங்க?" அப்ப சட்டுனு பதில் வரலை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறலை. அதனால எழுதறேன்.

பிரேசிலுக்கும் வெனிசுவேலாவுக்கும் நடுவுல மழைக்காட்டுல யானோமாமின்னு ஒரு ஆதிவாசி மக்கள் இருக்காங்க. பிரேசில் பக்கம் மட்டும் அவங்களுக்கு ஒதுக்கின நிலம் சுமார் 96,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுல முக்கால் பங்கு. அதுக்குள்ள சுமார் 30 ஆயிரம் பேர்தான். அங்க தங்கம் எடுக்கச் சட்டவிரோதமா ஆயிரக்கணக்கான பேர் நுழைஞ்சாங்க. ஆத்துக் கரையை மோட்டார் தண்ணி அடிச்சுக் கரைச்சு, குழி குழியா விட்டுட்டுப் போனாங்க. குழியில தண்ணி, தண்ணியில கொசு, வந்தவங்க ரத்தத்துல கிருமி. குழந்தைங்க எலும்பும் தோலுமா ஆகி, மலேரியாவும் பசியும் சேர்ந்து சாகிற நிலைமை. 2023 ஜனவரி 20-ந் தேதி பிரேசில் அரசு அங்க சுகாதார அவசர நிலை அறிவிச்சது.

என்னை உலுக்கினது வேற ஒண்ணு. அது புது நோய் கிடையாது. 1970 வாக்குல பிரேசில் முழுக்க வருஷத்துக்கு 50 ஆயிரம் சொச்சம் பேருக்குத்தான் மலேரியா. ஏறக்குறைய ஜெயிச்சுட்டாங்க. அப்புறம் காட்டைக் குறுக்கால வெட்டி ரோடு போட்டாங்க, குடியேத்தினாங்க. 1990-கள்ல அது 5 லட்சத்தைத் தாண்டிடுச்சு. மறுபடி பாடுபட்டு 2016-ல ஒன்றேகால் லட்சம் அளவுக்கு இறக்கினாங்க. அடுத்த வருஷமே 2 லட்சத்தை நெருங்கிடுச்சு. இறங்கின நோய் இப்படி ஏன் ஏறுது? நம்ம பக்கம் அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவங்க யாராவது இருந்தா எழுதுங்க.

ஓசூர்_ஷிப்ட்:
அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பிரேசில் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்? எங்க தெருவுல மூணு வீட்டுல டெங்கு. அதைப் பேசலாமே.

சித்தேரி_வாத்தியார்:
தம்பி, டெங்குவைக் கட்டாயம் பேசுவோம். ஆனால் அந்தக் காட்டுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று மட்டும் சொல்லாதே. மலேரியாவுக்கு உலகம் கண்ட முதல் நல்ல மருந்து கொய்னா. அது சின்கோனா மரத்துப் பட்டை. அந்த மரம் பிறந்த இடம் பெரு, எக்குவடார், பொலிவியா நாடுகளில் ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவு. அதன் அடிவாரத்தில் விரிந்து கிடப்பதுதான் அமேசான் காடு. 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து விதையும் கன்றும் திரட்டிக்கொண்டு நம் நீலகிரியில் இறங்கினார். ஊட்டி மலைகளிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டம் வந்தது, கொய்னா தொழிற்சாலை வந்தது. நம் தாத்தா பாட்டிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்த கசப்பு அங்கிருந்து வந்ததுதான். அந்த மரம் நம்மைக் காப்பாற்றியது. அந்தக் காட்டு மனிதர்கள் இன்று அதே காய்ச்சலில் சாகும்போது காது கொடுத்துக் கேட்பது நமக்குக் கடமை என்று நினைக்கிறேன்.

ஓசூர்_ஷிப்ட்:
இது எனக்குத் தெரியாது சார். நன்றி. ஆனா ஒரு சந்தேகம். காடு இருந்தாத்தானே கொசு? காட்டை எடுத்து ஊராக்கினா மலேரியா குறையணும். எங்க தாத்தா சொல்வாரு, அஞ்செட்டி பக்கம் காடு அடர்த்தியா இருந்த காலத்துல ராத்திரி தங்கினவன் காய்ச்சலோடதான் திரும்புவான்னு.

தென்பெண்ணைக்கரை:
எனக்கு 74 வயசு. காவேரிப்பட்டணம் பக்கம் விவசாயம். பேரன்தான் டைப் அடிக்கிறான், நான் சொல்லச் சொல்ல.

எங்க சின்ன வயசுல மலேரியான்னு யாரும் சொல்ல மாட்டோம். குளிர் காய்ச்சல், இல்லைன்னா முறைக்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே நேரத்துக்கு வரும். மத்தியானம் ஏரு ஓட்டிக்கிட்டு இருப்பான், பொழுது சாய ஆரம்பிச்சதும் பல்லு கிட்டிக்கும். மூணு கம்பளி போட்டாலும் உதறல் நிக்காது. அப்புறம் அனல். அப்புறம் வேர்வை கொட்டி, ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து உக்காருவான். மறுநாள் வேலைக்கும் போவான். அடுத்த நாள் மறுபடியும்.

மருந்து அடிக்க ஆளுங்க வருவாங்க. மலேரியா மஸ்தூர்னு சொல்வோம். தோள்ல பம்பு, டி.டி.டி. தண்ணி. வீட்டுச் சுவர் பூரா வெள்ளையா அடிச்சுட்டு, வாசப்படி பக்கம் தேதி எழுதிட்டுப் போவாங்க. நாங்க செஞ்ச தப்பையும் சொல்லிடறேன். அவங்க அடிச்சுட்டுப் போன நாலு வாரத்துல பொங்கல் வரும். வீட்டுப் பொம்பளைங்க சாணி போட்டு, செம்மண் பூசி, சுவரை மொழுகிடுவாங்க. மருந்து அத்தோட போச்சு. கொசு உக்கார்ற இடத்துல மருந்து இருந்தாத்தான் அது சாகும்னு யாரும் எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லலை. வாடை ஆகாதுன்னு கதவைச் சாத்தின வீடும் உண்டு. பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுல உள்ளேயே விட மாட்டாங்க.

ஒரு கட்டத்துல காய்ச்சல் சுத்தமா நின்னு போச்சு. எல்லாரும் மறந்துட்டோம். மஸ்தூருங்க வர்றதும் குறைஞ்சது. அப்புறம் நான் வாலிபனா இருந்தப்ப, எமர்ஜென்சி காலம், மறுபடி வந்துச்சு பாருங்க. கோடையில பெண்ணையாத்துல தண்ணி நின்னு, மணல் நடுவுல குட்டை குட்டையாத் தேங்கும். தெளிஞ்ச தண்ணி, பார்த்தாக் குடிக்கலாம்னு தோணும். அதுலதான் கொசுப்புழு. ஆத்தோரம் இருந்த எங்க சனம்தான் முதல்ல விழுந்தது. என் தங்கச்சி அந்த வருஷம் மூணு தடவை விழுந்தா. பிழைச்சுக்கிட்டா.

பென்னாகரம்_லேப்:
ஐயா, நீங்க சொன்னதுக்கு நாட்டுக் கணக்கு இருக்கு. சுதந்திரம் வந்தப்ப இந்தியாவுல வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவுன்னு மதிப்பீடு. 1953-ல தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பிச்சு, 1958-ல அதை ஒழிப்புத் திட்டமா மாத்தினாங்க. 1965-ல நாடு முழுக்க ஒரு லட்சம் பேர்தான், சாவு ஒண்ணுகூடப் பதிவாகலை. பதினோரு வருஷம் கழிச்சு, 1976-ல, 64 லட்சம். உங்க தங்கச்சி அந்த 64 லட்சத்துல ஒருத்தர்.

இலங்கையில இதைவிடக் கொடுமை. 1963-ல தீவு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. பதினேழே பேர். முடிஞ்சதுன்னு நினைச்சு மருந்தடிக்கிறதை நிறுத்தி, தேடுறதையும் தளர்த்தினாங்க. அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ள 5 லட்சத்துக்கு மேல. அப்புறம் ஐம்பது வருஷம் உழைச்சு, உள்நாட்டுப் போருக்கு நடுவுலயும் விடாம தேடி, 2016-ல தான் மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனத்துகிட்ட சான்று வாங்கினாங்க.

என்கிட்டக் கேட்டவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்தப் பதினேழுதான்.

பர்கூர்_கிரானைட்:
ஓசூர் தம்பி கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். நான் குவாரியில மேஸ்திரி. பாறைக்குக் கீழ தோண்டித் தோண்டி நூறடி ஆழத்துக்குக் குழி ஆகிடும். வேலை நின்ன குவாரியில மழைத்தண்ணி நிக்கும். மேல மரம் இல்லை, நிழல் இல்லை, தண்ணி பளிங்கு மாதிரி. அதுல கொசுப்புழு சுருள் சுருளா மிதக்கறதை நானே பார்த்திருக்கேன். காடா இருந்த வரைக்கும் அந்த இடத்துல தேங்கின தண்ணியே கிடையாது. எங்க பக்கம் கொசுப்புழுவைத் தின்னுற கம்பூசியா மீன் கொண்டுவந்து விட்டாங்க, அதுக்கப்புறம் குறைஞ்சுது.

இன்னொண்ணு. எங்க ஷெட்டுல ஒடிசா, ஜார்கண்ட் பசங்க இருக்காங்க. ஊருக்குப் போய் வந்தா ரெண்டு பேருக்காவது காய்ச்சல். அவங்கதான் இங்க கொண்டு வர்றாங்கன்னு எனக்குத் தோணுது. சொல்லக் கஷ்டமா இருந்தாலும் அதுதான் நடக்குது.

பென்னாகரம்_லேப்:
முதல் பாதி நூத்துக்கு நூறு சரிங்கண்ணா. ரெண்டாவது பாதிக்கு அப்புறம் வர்றேன்.

அமேசான்ல மலேரியா பரப்புற முக்கியமான கொசு அனாஃபிலஸ் டார்லிங்கி. அடர்ந்த காட்டு இருட்டுல அது பெருகறது குறைவு. மரத்தை வெட்டி, ஓடையை மறிச்சு, வெயில் விழற மாதிரி தண்ணி தேங்கினா அதுக்குக் கொண்டாட்டம். பெருவுல இக்கிடோஸ்ல இருந்து நவுத்தா வரைக்கும் காட்டுக்குள்ள ஒரு ரோடு போட்டாங்க. அந்த ரோட்டோரம் கொசுக்கடியை எண்ணி ஆராய்ச்சி பண்ணி 2006-ல வெளியிட்டாங்க. காடு முழுசா இருந்த இடத்தைவிட, காடு அழிஞ்ச இடத்துல இந்தக் கொசு கடிக்கிறது 278 மடங்கு. நான் முதல்ல அச்சுப்பிழைன்னு நினைச்சு இன்னொரு தடவை படிச்சேன்.

ஓசூர் தம்பி சொன்னதுலயும் ஒரு உண்மை இருக்கு, அதை மறைக்கக் கூடாது. நல்ல வீடு, சாக்கடை, ஆஸ்பத்திரின்னு ஒரு ஊர் நிலைபெற்ற பிறகு மலேரியா குறையுது. பிரேசில்ல ரோண்டோனியா மாநிலத்துல அப்படித்தான் ஆச்சு. ஆனா அதுக்கு முன்னாடி வர்ற முதல் சில வருஷம் இருக்கே, அதுதான் ஆளை வாரிக்கிட்டுப் போகுது. 1984-ல அங்க நெடுஞ்சாலைக்குத் தார் போட்டு முடிச்சதும் தெற்கே இருந்து நிலமில்லாத சனம் குடும்பம் குடும்பமா வந்து இறங்குச்சு. மலேரியாவே பார்க்காத உடம்பு. மேல ஓலை, சுத்திச் சுவர் கிடையாது. நம்ம ஐயா சொன்ன மஸ்தூர் அங்க போனா எதுல மருந்து அடிப்பார்? சுவரை நம்பி உருவான திட்டம், சுவரே இல்லாத இடத்துல தோத்துப்போச்சு. தங்கச் சுரங்கத்துல இன்னும் மோசம். நாலு கம்பு, மேல பிளாஸ்டிக் தாள், கீழ தூளி. இன்னிக்கு இங்க, அடுத்த மாசம் இன்னொரு ஓடை.

சபா_எஸ்டேட்:
ஊத்தங்கரைக்காரன். மலேசியாவுல போர்னியோ தீவு, சபா மாநிலத்துல செம்பனைத் தோட்டத்துல கங்காணி வேலை. எங்க கதையையும் சேர்த்துக்கோங்க.

மனுசங்களுக்குள்ள பரவுற மலேரியாவை மலேசியா கிட்டத்தட்ட முடிச்சுட்டாங்க, 2018-ல இருந்து உள்ளூர்ல ஒண்ணும் இல்லை. ஆனா அதே வருஷம் 4,000-க்கு மேல மலேரியா கேஸ். எப்படி? அது குரங்கு மலேரியா, நோலெசின்னு பேரு. நீள்வால் குரங்கு, பன்றிவால் குரங்கு ரத்தத்துல இருந்து கொசு வழியா ஆளுக்கு வருது. 2004-ல, இதே தீவுல பக்கத்து மாநிலமான சரவாக்ல, கபிட் பக்கம்தான் இது மனுசங்களுக்கு நிறைய வர்றது வெளிய தெரிஞ்சது. அதுவரைக்கும் மைக்ராஸ்கோப்ல பார்த்து வேற மலேரியான்னு எழுதிக்கிட்டு இருந்திருக்காங்க. காட்டை வெட்டிச் செம்பனை வெச்சா குரங்கு எங்க போகும்? தோட்டத்து ஓரத்துக்குத்தான் வரும். நாங்களும் அங்கதான் இருக்கோம். என்கூட வேலை பார்த்த இந்தோனேசியாக்காரருக்கு வந்துச்சு. இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை பெருகுது, அதனால தினமும் காய்ச்சல். மூணாவது நாளே ஆள் மஞ்சளாகி மூச்சு வாங்க ஆரம்பிச்சுட்டாரு. ஆஸ்பத்திரியில சேர்த்துக் காப்பாத்தினாங்க.

ஓசூர்_ஷிப்ட்:
அப்ப ஒகேனக்கல் குரங்குங்களால நமக்கு வருமா? வாரா வாரம் குடும்பத்தோட போறோமே.

பென்னாகரம்_லேப்:
பயப்படாதீங்க தம்பி. நோலெசியைத் தாங்குற அந்த ரெண்டு குரங்கும் நம்ம ஜில்லாவுல கிடையாது. ஒகேனக்கல்ல இருக்கறது நாட்டுக் குரங்கு, வேற வகை. தின்பண்டத்தை மட்டும் ஒளிச்சு வெச்சுக்கோங்க.

சித்தேரி_வாத்தியார்:
பர்கூர் அண்ணன் எழுதியதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒடிசாப் பையன் கொண்டுவருகிறான் என்றால், அவன் கிருமியை விரும்பிச் சுமந்து வந்தானா? யானோமாமி மக்களுக்கு நோயைக் கொண்டுபோனது பணத்துக்காக வெளியே இருந்து போன கூட்டம். இங்கே நம் குழியில், நம் லாபத்துக்காக வேலை செய்ய வந்தவன் அவன். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நம் பாலக்கோடு, பென்னாகரம் சனம் பெங்களூர்க் கட்டட வேலைக்குப் போகிறதே. அங்கே ஒருவன் "தர்மபுரிக்காரன்தான் காய்ச்சல் கொண்டுவருகிறான்" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? நோய்க்காரன் என்று பெயர் வைத்துவிட்டால் அவன் காய்ச்சலை மறைப்பான். மறைத்தால் பரவும்.

பர்கூர்_கிரானைட்:
சார் சொன்னது உறைக்குது. நான் அவங்களைக் கெட்டவங்கன்னு சொல்ல வரலை, ஆனா எழுதின விதம் அப்படித்தான் இருக்கு. மன்னிக்கணும். என்ன செய்யலாம்னு சொல்லுங்க, நான் செய்யறேன்.

பென்னாகரம்_லேப்:
ஊர்ல இருந்து திரும்பி வர்ற பசங்களுக்குக் காய்ச்சல் இருந்தா அன்னிக்கே சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் கொடுங்க. ஷெட்டுக்கே வந்து தடவல் எடுப்பாங்க. அந்த ஒரு நாள் கூலியைப் பிடிக்காதீங்க. கூலி போகும்னா யாரும் விரலை நீட்ட மாட்டாங்க. படுக்கிற இடத்துக்குக் கொசுவலை கேளுங்க.

வெனிசுவேலாவுல நடந்ததைப் பாருங்க. அர்னோல்டோ கபால்டோன்-னு ஒரு டாக்டர், 1940-கள்லயே டி.டி.டி. வெச்சு நாடு தழுவி வேலை செஞ்சாரு. 1961-ல தன் நிலத்துல பெரும்பகுதியில மலேரியாவை ஒழிச்ச நாடுன்னு உலகமே அவங்களைப் பாராட்டுச்சு. அப்புறம் பொருளாதாரம் விழுந்துச்சு. பட்டணத்துல வேலை இல்லாதவங்க பொலிவார் மாநிலத்துத் தங்கச் சுரங்கத்துக்குப் போனாங்க. மலேரியாவோட வீட்டுக்குத் திரும்பினாங்க. மருந்து தட்டுப்பாடு, மருந்தடிக்க ஆள் இல்லை. 2000-ல 30 ஆயிரம் பேர் அளவுக்கு இருந்தது, 2017-ல 4 லட்சத்தைத் தாண்டுச்சு. போனவங்க எல்லாம் வயித்துப் பிழைப்புக்குப் போனவங்கதான்.

லாரி_வீடு:
நான் காரிமங்கலம். இதுல எழுதலாமான்னு தெரியலை, ஆனா படிச்சதுல இருந்து நெஞ்சு படபடன்னு இருக்கு.

எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டுறாரு. ராய்ப்பூர், ஜெகதல்பூர்னு லோடு போவாரு. நாலு மாசத்துக்கு முன்னாடி அங்க காய்ச்சல் வந்து, ஒரு ஆஸ்பத்திரியில மலேரியான்னு சொல்லி மாத்திரை கொடுத்திருக்காங்க. பெரிய மாத்திரை மூணு நாள், சின்ன மாத்திரை ரொம்ப நாளைக்கு. மூணு நாள்ல காய்ச்சல் விட்டதும் சின்ன மாத்திரையை விட்டுட்டாரு. வெறும் வயித்துல போட்டாப் பிரட்டுதுன்னாரு. வண்டியில இருக்கறப்ப யாரு பார்க்கிறா?

போன மாசம் மறுபடி குளிர் காய்ச்சல். இங்க ஒரு தனியார் கிளினிக்ல டைபாய்டுன்னு சொல்லி ஒன்பது நாள் ஊசி. மலேரியா வந்திருந்துச்சுன்னு நான் சொன்னேன், "அதெல்லாம் இப்ப இல்லம்மா"ன்னுட்டாங்க. ஏழாயிரம் ரூபா செலவு. காய்ச்சல் தானா விட்டுச்சு. நேத்து ராத்திரியில இருந்து மறுபடி உதறுது. எங்க மாமியார் காத்துக் கருப்புன்னு மந்திரிக்கச் சொல்றாங்க. ஐயா எழுதின மாதிரியே இருக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

பென்னாகரம்_லேப்:
அம்மா, இன்னிக்கே அவரை உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. தடவல், மருந்து ரெண்டும் இலவசம். சத்தீஸ்கர் போய் வந்ததையும், நாலு மாசம் முன்னாடி மலேரியா வந்ததையும் முதல் வார்த்தையாச் சொல்லுங்க.

நீங்க சொல்றது வைவாக்ஸ் வகை மாதிரி இருக்கு, தடவல் பார்த்தாத்தான் உறுதி. அந்தக் கிருமி ரத்தத்துல பாதி, ஈரல்ல பாதின்னு இருக்கும். குளோரோகுயின் ரத்தத்துல இருக்கறதைத்தான் கொல்லும், அதான் மூணு நாள்ல காய்ச்சல் விட்டது. ஈரல்ல இருக்கறது தூங்கும். வாரக்கணக்கு, மாசக்கணக்குத் தூங்கி எழும். அந்தத் தூங்கறதைக் கொல்லத்தான் அந்தச் சின்ன மாத்திரை, பிரைமாகுயின், 14 நாள். திரும்பி வர்ற காய்ச்சலுக்குப் புதுக் கொசு கடிக்க வேண்டியதே இல்லை. அமேசான்ல வர்ற மலேரியாவுல பத்துக்கு எட்டுக்கு மேல இந்த வைவாக்ஸ்தான். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திட்டுச் சுரங்கத்துக்குப் போறவங்கதான் அங்கயும் பெரிய தலைவலி. அதனாலதான் ஒரே வேளை போடுற டாஃபினோகுயினை 2023-ல பிரேசில் அரசுத் திட்டத்துல சேர்த்தாங்க. நமக்கு இப்போதைக்கு 14 நாள்தான்.

கவனம் ஒண்ணு: ஜி-6-பி-டி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுவைக் காக்கிற ஒரு நொதி பிறவியிலேயே குறைவா இருக்கறவங்களுக்கு பிரைமாகுயின் ரத்தத்தை உடைச்சுடும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் கொடுக்கவே கூடாது. டாக்டர் சொல்லாம யாரும் கடையில வாங்கிப் போடாதீங்க.

தென்பெண்ணைக்கரை:
அம்மாடி, எங்க தங்கச்சிக்கும் இதேதான். மூணு தடவை திரும்பித் திரும்பி வந்ததை ஏதோ தெய்வக் குத்தம்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் காரணம் தெரியுது. தாமதிக்காம போங்கம்மா.

லாரி_வீடு:
வைவாக்ஸ் பாசிட்டிவ். தடவல் எடுத்த அன்னிக்குச் சாயங்காலமே நர்சம்மா வீடு தேடி வந்து சொன்னாங்க. எனக்கும் பசங்களுக்கும் மாமியாருக்கும் பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து விரல்ல குத்தி எடுத்துட்டுப் போயிருக்காங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு. அவருக்கு அந்த ஜி-6 பரிசோதனையும் பார்த்துட்டாங்க, சரியா இருக்குதாம்.

இன்னிக்கு ஆறாவது நாள். காய்ச்சல் இல்லை. ஆனா திங்கக்கிழமை லோடு இருக்கு, முதலாளி கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. மிச்ச மாத்திரையை வண்டியில எடுத்துட்டுப் போகலாமா?

பென்னாகரம்_லேப்:
மாத்திரையை நிறுத்தவே கூடாது. முடிஞ்சா மிச்ச எட்டு நாளும் அவரை வீட்டுலயே இருக்க வைங்கம்மா. முடியாதுன்னா, டாக்டர்கிட்டச் சொல்லிட்டு, மாத்திரை அட்டையில ஒவ்வொண்ணு மேலயும் பேனாவால தேதி எழுதிக் கொடுத்து அனுப்புங்க. ராத்திரி சாப்பாடு முடிச்சுட்டுப் போடணும், வெறும் வயித்துல வேண்டாம். மூத்திரம் காப்பித்தண்ணி நிறத்துல போனா உடனே நிறுத்திட்டுப் பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. வண்டியில கொசுவலை கட்டிப் படுக்கணும்.

லாரி_வீடு:
தேதி எழுதிட்டேன். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ கால்ல மாத்திரையைக் காட்டிட்டுத்தான் முழுங்கணும்னு சொல்லியிருக்கேன். பெரிய பையன் காலண்டர்ல அடிக்கிறான்.

பர்கூர்_கிரானைட்:
எங்க ஷெட்டுல இன்னிக்கு ஆய்வாளர் வந்தாரு. 31 பேருக்குத் தடவல் எடுத்தாச்சு. கூலி பிடிக்கலை. வேலை நின்ன ரெண்டு குழியையும் காட்டினேன், மீன் விடறேன்னு சொல்லியிருக்காரு. சில்லு உங்ககிட்ட வராது, வேற லேப். ஆனாலும் சொல்லணும்னு தோணுச்சு அண்ணா.